ஒரு மெல்லிய ஙொய்

ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சைப் போட்டதிலிருந்து அதன் கண்ணாடி வால்வு சூடேறும்வரை இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் இப்போதெல்லாம் சாந்தாமணிக்கு நிம்மதியான நேரம். அதுவரை ஸ்பீக்கர் வாயே திறக்காது. கண்ணாடிக் குழாய்க்குள் இழை முதலில் துருப்பிடித்த மாதிரி மங்கலாகத் தெரியும், பிறகு மெல்ல மெல்ல அடுப்புத் தணல் நிறத்துக்கு வரும், தூசு பொசுங்குகிற வாசனை மூக்கில் ஏறும், அவ்வளவு நேரமும் இந்தச் சாமான் அறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்து தூங்குகிறார். பேக்கரி மாஸ்டர், வாரம் முழுக்கக் கோழி கூவுமுன் எழுந்து மாவு பிசைகிற மனுசன், ஞாயிறு மத்தியானத் தூக்கத்தில் யாரும் அவரை எழுப்புவதில்லை. ஒருவேளை இந்தத் தடவை வராமலே போய்விடலாம் என்று அவள் நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் வந்துவிட்டது. ஙொய்ய்ய். காதோரம் வந்த கொசு அப்படியே நின்றுவிட்ட மாதிரி, மெல்லிசாக, நீளமாக, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல். பாட்டுப் போட்டால் அதற்கடியில் ஒளிந்துகொள்ளும். பாடுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தினால் அந்த இடைவெளியில் எட்டிப் பார்க்கும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழைத் திருகினாலும் அதற்கு ஒன்றுமில்லை, குமிழ் இருப்பது வால்வுக்கு முன்னால், வால்வில் ஏறிக்கொள்கிற சத்தத்தை அது தொடவே தொடாது. வால்வில் ஏறிக்கொள்கிற சத்தம். அப்படித்தான் அவள் முதலில் நினைத்தாள். கையால் செய்த ஆம்ப்ளிஃபயர் என்றால் ஹம் என்கிற இரைச்சல் கொஞ்சம் அடிக்கத்தான் செய்யும், வயரை முறுக்கிப் போடணும், எர்த்தை ஒரே இடத்தில் சேர்க்கணும், பார்த்துக்கலாம் என்று சாவகாசமாகத்தான் இருந்தாள். போன வாரம் அவரைக் கூப்பிட்டுக் கேட்டதுதான் வினையாகப் போயிற்று. ஏனுங்க, இங்க வந்து உக்காருங்க, பாட்டில்லாம சும்மா கேளுங்க, ஏதாச்சும் கேக்குதுங்களா? அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, கண்ணைக்கூட மூடிக்கொண்டு கேட்டார். ஒண்ணும் கேக்கலையே அம்மிணி, நெம்ப நல்லாருக்குது, என்றார். அவர் அதைச் சொல்லும்போதும் ஙொய் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவருக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. நாற்காலி காலுக்கடியில் தரை கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது.

மயிலாத்தா அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சாந்தா, உனக்குக் கேக்குதா கண்ணு, எங்கியோ மோட்டார் ஓடுதே, என்று கிணற்று மேட்டில் நின்று கேட்டாள். பவர் இல்லாத நேரம், எந்த மோட்டாரும் ஓடவில்லை. பிறகு மோட்டார் வீட்டுக்குள் வந்தது, பிறகு தலையணைக்குள் வந்தது, அடுத்த தீபாவளிக்குள் இடது காது போய், அதற்கடுத்த வருஷம் வலது காதும் போயிற்று. நரம்பு, ஒண்ணும் பண்றதுக்கில்ல, என்றார் டாக்டர். அதைக்கூட அக்காவிடம் சொல்லாமல் மாமாவிடம் சொன்னார். அன்றைக்கு ஆரம்பித்தது அது, எல்லாரும் அக்காவிடம் சொல்லாமல் பக்கத்திலிருப்பவரிடம் சொல்வது. காதில் கருவி வைத்துப் பார்த்தார்கள், அதில் பாத்திரம் உருளுகிற சத்தம்தான் கேட்கிறது, மனுசர் பேச்சுக் கேட்கவில்லை என்று கழற்றிப் போட்டுவிட்டாள். இப்போது கல்யாண வீட்டில் ஒரு ஓரமாக உட்கார்ந்து எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நரம்பு ஒரே வீட்டு நரம்புதானே. ஒரே அம்மா வயிற்றில் பிறந்த காதுகள்தானே. அதற்கு மேலே இந்த வேலை வேறு. பம்பு மோட்டார் செய்கிற தொழிற்சாலையில் கடைசிச் சோதனை சாந்தாமணியுடையது. ஓடுகிற மோட்டாரின் பேரிங் மேல் ஒரு இரும்புக் கம்பியை நிறுத்தி, மறுமுனையைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துக் கேட்பாள். உருண்டைகள் ஒழுங்காக உருள்கிறதா, எங்காவது ஒன்று சொரசொரக்கிறதா. சரி என்றால் பச்சைச் சீட்டு, இல்லையென்றால் சிவப்பு. போன மாதம் அவள் பச்சை ஒட்டிய ஒரு மோட்டார் சத்தம் போடுகிறதென்று திரும்பி வந்தது. மேற்பார்வையாளர் மகுடேசன் திட்டவில்லை. உடம்பு சரியில்லீங்களா அக்கா, என்றுதான் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்கு அது சாதாரணத் தவறாக இருந்தது. நாச்சிமுத்து கண்ணை மூடிக் கேட்டுவிட்டு ஒண்ணுமில்லை என்று சொன்ன நாளிலிருந்து அது சாதாரணத் தவறாக இல்லை. நாளைக்குத் தொழிற்சாலைக்கு வேன் வருகிறது, எல்லாருக்கும் காது சோதனை, வருஷா வருஷம் வருகிறதுதான். சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். ஒவ்வொரு வருஷமும் பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி போவாள். நாளைக்கு அந்த அறைக்குள் அவள் தலைக்குள்ளேயே ஒன்று ஙொய் என்று நின்றுகொண்டிருந்தால் எந்தச் சத்தத்துக்குப் பட்டனை அழுத்துவது?

ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள். அணைத்தால் போகிறதா என்று பார்த்தால் முடிந்தது என்று யாருக்கும் தோன்றும். அவளுக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனால் அணைத்தவுடன் சட்டென்று நிற்பதில்லை இது, உள்ளே தேங்கியிருக்கிற மின்சாரம் வடிய வடிய மெதுவாகத் தேய்ந்துகொண்டே போகிறது, எந்த இடத்தில் சத்தம் முடிந்து எந்த இடத்தில் நினைப்பு தொடங்குகிறது என்று பிடிக்க முடிவதில்லை. விளக்கை அணைத்த பிறகும் கண்ணுக்குள் ஒரு வெளிச்சம் நிற்குமே, அப்படி. சமையலறைக்குப் போனால் கூடவே வருகிறது, குளியலறையில் தண்ணீரைத் திறந்தால் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது. காதைப் பொத்திப் பார் என்று ஒரு யோசனை. இரண்டு விரல் போதும். பொத்தினால் கேட்கவில்லையென்றால் சத்தம் வெளியே, பொத்தியும் கேட்டால் உள்ளே. இவ்வளவு சுலபமான சோதனை உலகத்தில் வேறு இல்லை, ஆனால் விரல் காதுவரை போய்த் தலைமுடியைச் சரிசெய்துவிட்டு இறங்கிவிடுகிறது. ஒரே ஒருதரம் கண்ணை இறுக்கிக்கொண்டு பொத்தினாள். தூரத்தில் லாரி போகிற மாதிரி ஒரு உறுமல் கேட்டது. அது ரத்தம் ஓடுகிற சத்தம், காதைப் பொத்தினால் யாருக்கும் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அந்த உறுமலுக்கு மேலே ஒரு நூல் மாதிரி ஙொய் இருந்ததா இல்லையா என்று இன்றுவரை சொல்ல முடியவில்லை. மீட்டர் வைத்துப் பார்க்கலாம். அவளிடமிருப்பது வீட்டு வயரிங் பார்க்கிற மீட்டர், இவ்வளவு சின்னதை அது காட்டாது. பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக் கேட்கச் சொல்லலாம். கேட்டுவிட்டு அவர்களும் இல்லையென்று தலையாட்டினால்? ஆகையால் மிச்சமிருந்தது வால்வுதான். வால்வை மாற்றி, சத்தம் மாறினால், சத்தம் வால்வுடையது. மாறாவிட்டால் அவளுடையது.

ஈரோட்டிலிருந்து கதிர்வேல் அனுப்பிய வால்வுகள் செய்தித்தாளில் சுற்றி ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தன. போன வருஷம் ஒரு வளைகாப்புக்கு ஈரோடு போன இடத்தில், அடுத்த வீட்டுக்காரர் என்று அறிமுகமானவர் அவர், தன் கையால் செய்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியைப் போட்டுக் காட்டினார். பாடுகிற அம்மா ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் எச்சில் விழுங்கியது கேட்டது. வளைகாப்பை மறந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சுத்தமான சத்தம் என்றால் என்னவென்று நாள் முழுக்க மோட்டார் கேட்கிற காதுக்குத்தான் தெரியும். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு, சர்க்யூட் படம் பார்த்து, வயர் வாங்கி, தகடு துளைத்து, விரல் சுட்டுக்கொண்டு, இந்தப் பெட்டியாக நின்றது. இப்போது அந்தப் பெட்டியே அவளைச் சோதித்துக்கொண்டிருக்கிறது. ஆறும்வரை பொறுத்து, முதல் வால்வைத் துணியால் பிடித்து லேசாக ஆட்டி ஆட்டி உருவினாள். இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. இதற்குள் கை வைக்கும்போது ஒரு கை எப்போதும் பின்னால் இருக்கட்டுங்க, ரெண்டு கையும் உள்ளே போனா கரண்ட்டு நெஞ்சு வழியாப் பாயும், என்று கதிர்வேல் சொல்லியிருந்தார். புது வால்வின் கால்களை ஓட்டைகளோடு பொருத்தி அழுத்தினாள். சுவிட்ச். இழை சிவந்தது. அவள் கும்பிடவில்லை, ஆனால் பின்னால் இருந்த கை தானாக மூடிக்கொண்டது. ஙொய். அதே ஙொய். அதே மெல்லிசு. அணைத்தாள், காத்தாள், அடுத்ததைச் செருகினாள். இது சூடானதும் ஏதோ வேறு மாதிரி இருந்தது. பென்சிலின் ரப்பர் முனையால் கண்ணாடியைத் தட்டினாள், ஸ்பீக்கருக்குள் கோயில் மணி மாதிரி டிங் என்று ஒரு சத்தம் எழும்பி இழுத்துக்கொண்டே போய் அடங்கியது. மேசையைத் தொட்டாலும் மணி, நாற்காலியை இழுத்தாலும் மணி. உள்ளே ஏதோ தளர்ந்துபோன வால்வு, ஆடுகிறது, ஆடுவதெல்லாம் சத்தமாகிறது. மணி அடங்கியதும் அதன் அடியில் பார்த்தாள். அங்கே இருந்தது. மணிக்கு முன்னும் மணிக்குப் பின்னும் மாறாமல். மூன்றாவதைச் செருகும்போது வால்வின் ஒரு கால் ஓட்டையில் சிக்கி வளைந்துவிட்டது, இடுக்கியால் நிமிர்த்திச் செருகினாள். இதில் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. குறைந்த மாதிரியா, குறைந்ததா? பழகிப்போனால் குறைந்த மாதிரிதான் இருக்கும். அக்காவும் சொன்னாள், இப்பக் கொஞ்சம் தேவலை சாந்தா, கொறஞ்சிருக்குது, என்று, காது இறங்கிக்கொண்டிருந்ததை அப்படிச் சொன்னாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். செருப்புத் தைக்கிற ஊசி மாதிரி அந்தச் சத்தம் உள்ளே போய் வெளியே வந்து உள்ளே போயிற்று. காது போனால் என்ன, கை இருக்கிறது, வேறு பிரிவுக்குப் போகலாம், மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றலாம், மகுடேசன் நல்ல மனுசன், ஏற்பாடு செய்வார், எல்லாரும் நல்ல மனுசர்கள், எல்லாரும் அவளிடம் சத்தமாகப் பேசுவார்கள், பிறகு சத்தமாகப் பேசிப் பேசி அலுத்து மெதுவாகப் பேசுவார்கள், பிறகு நாச்சிமுத்துவிடம் சொல்வார்கள். அவர் என்ன செய்வார்? ராத்திரி விளக்கணைத்த பிறகு பேசுகிற பழக்கம் அவருக்கு. இருட்டில்தான் அவருக்குப் பேச்சு வரும், மாவு புளித்தது, கேக் ஒரு பக்கம் சரிந்தது, சின்ன வயசில் ஆற்றில் அடித்துக்கொண்டு போனது. இருட்டில் உதட்டைப் பார்க்க முடியாது. அந்த எண்ணம் வந்ததும் அதற்கு மேலே போக முடியாமல் மனசு அங்கேயே நின்றது, வண்டிச் சக்கரம் சேற்றில் சுழல்கிற மாதிரி, இருட்டில் உதடு தெரியாது, இருட்டில் உதடு தெரியாது. போன வாரத்திலிருந்து அவள் அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. கையில் வேலை இருக்கிறது என்று மாமாவிடம் போனில் சொன்னாள். உண்மையில் அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயம், கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி இருக்கும் என்று பயம். பக்கத்தில் கிடந்த போனை எடுத்தாள். யாரையாவது பேசச் சொல்லிக் கேட்க வேண்டும்போல இருந்தது, எந்தக் குரலாக இருந்தாலும் சரி. கதிர்வேல் வால்வு அனுப்பிய அன்று பேசி அனுப்பியிருந்த பதிவு இருந்தது, அன்றைக்குப் பாதி கேட்டு நிறுத்தியது. மொதல் வால்வுலதான் எல்லாம் இருக்குதுங்க, அங்க ஏறுற சத்தத்த மத்த வால்வெல்லாம் பெருசாக்கிக் குடுக்கும், என்றது அவர் குரல், இது அவள் ஏற்கெனவே கேட்ட பாதி. மீதியில் அவர் இருமிவிட்டுத் தொடர்ந்தார். வால்வ மட்டும் மாத்திட்டே இருக்காதீங்க. கண்ணாடி பாருங்க, அம்மணமா நிக்குது. டியூப்லைட்டு, சார்ஜரு, பக்கத்துல இருக்குற டிரான்ஸ்பார்மரு, எல்லாத்தையும் ஏரியல் மாதிரி இழுக்கும். அதுக்கு ஒரு தகரச் சட்டை போட்டு எர்த்தோட சேத்துருங்க. சட்டை இல்லாம எந்த வால்வு போட்டாலும் ஒரே பாட்டுத்தான் பாடும்.

எந்த வால்வு போட்டாலும் ஒரே பாட்டு. அவள் நிமிர்ந்து டியூப்லைட்டைப் பார்த்தாள். பகலிலும் இருட்டான அறை இது, உள்ளே வந்தால் முதலில் கை போவது அந்த சுவிட்சுக்குத்தான். அணைத்துப் பார்த்தாள். சத்தம் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. குறைந்ததா, குறைந்த மாதிரியா? மறுபடி அதே இடம். தகரச் சட்டை வேண்டும். வால்வுக்கென்று செய்த மூடி கடையில் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை? பவுடர் டப்பா பெரிது. மாத்திரைக் குழாய் பிளாஸ்டிக். அலமாரியைத் திறந்து மூடினாள், சமையலறையில் அஞ்சறைப் பெட்டியின் கிண்ணங்களைக்கூட எடுத்துப் பார்த்தாள், எல்லாம் அகலம். அப்போதுதான் கண்ணில் பட்டது, பாத்திரம் கவிழ்க்கிற கூடையில், நாச்சிமுத்து கழுவிக் காயவைக்கக் கொண்டுவந்திருந்த கிரீம் ரோல் அச்சுகள். மைதாவைச் சுற்றிச் சூளையில் வைக்கிற தகரக் குழாய்கள், இரண்டு பக்கமும் திறந்தவை, விரல் நீளம். ஒன்றை எடுத்து வால்வின் மேல் வைத்தாள். அளவெடுத்த மாதிரி இறங்கியது. வெண்ணெய் வாசனைகூட இன்னும் போகவில்லை. ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஆறவிட்டு, அச்சின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு வயரை ஈயம் உருக்கி ஒட்டி, மறுமுனையைப் பெட்டியின் திருகில் முறுக்கி இறுக்கினாள். இவ்வளவையும் செய்யும்போது எதையும் நினைக்கவில்லை, அல்லது நினைத்தது கைக்குள் போய்விட்டது. சட்டையை மட்டும் இன்னும் போடவில்லை, வயர் நீளத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள். முதலில் அம்மணமாகக் கேட்க வேண்டும். சுவிட்ச். தணல். ஙொய். வந்ததா, வா. தகரத்தை இரண்டு விரலால் பிடித்து வால்வின் தலைக்கு மேலே கொண்டுபோனாள், இறக்கினாள். பாதி இறங்கும்போது சத்தம் சுருங்கியது. முழுக்க இறங்கியபோது இல்லை.

இல்லை. கதவைச் சாத்திய மாதிரி இல்லை. சந்தேகப்படுவதற்குக்கூட மிச்சமில்லை. சட்டையைத் தூக்கினாள், ஙொய். இறக்கினாள், இல்லை. தூக்கினாள். இறக்கினாள். அவள் தலையில் யாரும் தகரத்தைக் கவிழ்க்கவில்லை, தலைக்குள் இருக்கிற சத்தத்துக்கு இந்தக் கிரீம் ரோல் அச்சு ஒன்றும் செய்ய முடியாது, ஆகையால் சத்தம் தலைக்குள் இல்லை, ஒருபோதும் இருந்ததில்லை, இந்தக் கண்ணாடிக்குள் இருந்தது, டியூப்லைட்டிலும் பக்கத்து வீட்டு வயரிலும் இருந்தது, ஊரில் இருந்தது. சட்டையைத் தூக்கி அந்த ஙொய்யைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக்கூடக் கேட்டாள், இப்போது அது வெறும் சத்தம், பாவம்போல இருந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது, வந்துவிட்டுப் போகட்டும் என்று துடைக்கவில்லை. பச்சைச் சீட்டு ஒட்டிய அந்த மோட்டார் ஞாபகம் வந்தது. அது தவறுதான், கவனக்குறைவு, தீபாவளி ஆர்டர் அவசரத்தில் கம்பியைச் சரியாக அழுத்தாமல் விட்டிருப்பாள். தவறு என்பது இவ்வளவு இலேசான பொருளாக இருக்கும் என்று இதுவரை தெரியாது. எழுந்து மற்ற வால்வுகளையும் சட்டை போட்டுக் கேட்டாள், இப்போது பயமில்லாமல், சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி. அந்த ஒரே பாட்டு போனதும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குரல் இருந்தது. முதலில் உருவிய பழைய வால்வு தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி இரைந்தது. மணியடிக்கிற வால்வு சட்டைக்குள்ளும் மணியடித்தது, அதைத் தனியே வைத்தாள், பின்வரிசையில் எங்காவது ஆகும். ஒன்று இடையிடையே பொரிந்தது, கடுகு மாதிரி. கால் வளைந்து நிமிர்த்திய அந்த வால்வு, அதுதான், சும்மா இருந்தது. ஸ்பீக்கரின் துணியில் காதை ஒட்டினால் மட்டும் ஒரு மூச்சு. அதையே போட்டுவிட்டாள்.

முன்னறையில் பாய் சுருட்டுகிற சத்தம் கேட்டது. நாச்சிமுத்து முகம் கழுவி, காப்பி போட்டு, இரண்டு டம்ளரோடு வாசலில் வந்து நின்றார். ஒரு டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, ஸ்பீக்கரைப் பார்த்து, தலையைச் சாய்த்தார்.

"அப்பாடா, போயிருச்சா!" என்றார்.

"எது?"

"அதான் புள்ள, அந்தக் கொசுச் சத்தம். ஙொய்ன்னு இருந்துச்சே."

டம்ளரை எடுக்கப் போன சாந்தாமணியின் கை பாதியில் நின்றது. "அன்னிக்கு ஒண்ணும் கேக்கலன்னீங்க."

அவர் முகத்தில் அகப்பட்டுக்கொண்ட ஆளின் சிரிப்பு வந்தது. "கேட்டுச்சு. கேக்காமயா இருக்கும், காதுக்குள்ளயே வந்துச்சு. நீ மாசக்கணக்கா உக்காந்து, கையெல்லாம் சுட்டுக்கிட்டு, ஆசையாப் பண்ணிருக்கிற. கூப்புட்டு உக்காரவெச்சுக் கேக்கற. அதுல போயி நான் குத்தஞ் சொல்றதா? மனசுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

"கண்ண வேற மூடிக்கிட்டீங்களே!"

"மூடுனாத்தான நம்புவ?"

அவள் எழுந்தாள். என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டை உருவி அதனாலேயே அவர் கையில் ஓங்கி ஒன்று வைத்தாள், பிறகு இன்னொன்று. அவர் காப்பி சிந்தாமல் டம்ளரை உயரத் தூக்கிக்கொண்டார்.

"ஏம்புள்ள, என்ன ஆச்சு?"

"எங்கக்காளாட்டம் ஆயிருச்சுன்னு நெனச்சனுங்க," என்றாள். "உங்களுக்குக் கேக்கல, எனக்கு மட்டும் கேக்குதுன்னு. என்ற காதும் போச்சுன்னு. ஒரு வாரமாச் சோறு எறங்கல எனக்கு. நாளைக்குக் காது சோதனை வேற."

நாச்சிமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். அவர் சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பகல் வெளிச்சத்தில் அவருக்குப் பேச்சு வருவது எப்போதும் கஷ்டம். "எங்கிட்டச் சொல்லக்கூடாதா?" என்றார் கடைசியில்.

"சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்க? ஒண்ணுமில்ல, நல்லாருக்குதும்பீங்க."

அவள் கையைப் பிடித்து, விரல் நுனியில் ஈயம் சுட்ட தழும்புகளைக் கட்டைவிரலால் தடவினார். "இனிமே காதுக்குக் கேட்டத அப்படியே சொல்லிப்போடறேன்," என்றார். பிறகு, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்போல, மேசைப் பக்கம் எட்டிப் பார்த்து, "அது கடை அச்சு, நாளைக்கு வேணும்," என்றார்.

"தர மாட்டேன், போங்க," என்றாள் சாந்தாமணி. அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வந்த சிரிப்பு நிற்காமல் விக்கலாக மாறிற்று.

இசைத்தட்டைப் போட்டுவிட்டு அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பாட்டு என்னவென்று கவனிக்கவில்லை. ஒரு பெண்குரல், வீணை, வரிக்கும் வரிக்கும் நடுவில் வெறும் இடைவெளி, அந்த இடைவெளியில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இடைவெளி வரும்போதெல்லாம் உடம்பு தானாக விறைத்து, ஒன்றும் வராததைப் பார்த்துத் தளர்ந்தது, கொஞ்சம் கொஞ்சமாக விறைப்பதை மறந்தது. நாளைக்கு அந்தச் சின்ன அறைக்குள் உட்கார்ந்து பட்டனை அழுத்துவாள், கேட்டால் கேட்டது, கேட்காவிட்டால் கேட்காதது, யாருக்கும் எல்லாமும் கேட்பதில்லை. வயசானால் இவளுக்கும் குறையும், குறையட்டும், அதற்கென்று ஒரு காலம் வரும்போது வரட்டும், இன்றைக்கில்லை. அக்காவுக்குத்தான் இன்றைக்கே காது இல்லை. அந்த நினைப்பு ஒரு சின்னக் கல் மாதிரி காலில் இடறிற்று. நமக்கும் வந்துவிடுமோ என்ற பயத்தில் தப்பிக்காதவளை ஒரு வாரம் ஒதுக்கிவைத்தோமே. பயந்தது காதுக்கா, அக்காவுக்கா? போக வேண்டும், நாளைக்கே வேலை விட்டு நேராகப் போக வேண்டும், மாமாவிடம் பேசாமல் அக்காவிடமே பேச வேண்டும், முகத்துக்கு நேராக உட்கார்ந்து, அவள் அலுக்கிறவரை, தலைவாரிவிடலாம், தலைவாரும்போது பேச முடியாது, முகம் அந்தப் பக்கம் இருக்கும், அப்படியானால் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, கண்ணாடியில் உதடு தெரியும், இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை... பாட்டு கொஞ்சம் தூரமாயிற்று. நாச்சிமுத்து குமிழைக் குறைக்கிறார் போலிருக்கிறது, அவர் கை கனமான கை, குறைப்பது தெரிகிறது. இன்னும் தூரமாயிற்று. கண் திறக்க மனசில்லை. வாசலில் சைக்கிள் வந்து நின்றது, பால்காரர், இப்போது ஹாரனை அமுக்குவார், தெருவே அதிரும். வெறுங்கால் தரையில் தப்புத் தப்பென்று ஓடுகிறது. கேட்டின் கொண்டி மெதுவாக விழுகிறது. பிறகு நாச்சிமுத்துவின் குரல், நீளமான அந்த வீட்டின் மறுகோடியில், வாசலில், குரலாகக்கூட இல்லாமல் வெறும் காற்றாக: ஹாரன அடிச்சுறாதீங்க, என்ற வீட்டுல அசந்து தூங்குது. ஒரு எழுத்து விடாமல் கேட்டது சாந்தாமணிக்கு. தூங்கவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்ல நினைத்தாள், அதற்குள் தூங்கிவிட்டாள்.